40 டாலர் கம்பியும் 895 டாலர் பாட்டும்: பழைய கார்வெட்டின் செலவுப் பேரேடு

1984-ஆம் ஆண்டு செவ்ரலே கார்வெட்டின் அடிப்படை விலை 21,800 டாலர். டெல்கோ-போஸ் ஸ்டீரியோ வேண்டுமென்றால் அதற்கு மேல் 895. அந்த மாடல் ஆண்டில் தயாரான 51,547 கார்களில் 43,607 கார்கள் அந்த 895-ஐயும் சேர்த்துக் கொடுத்து வாங்கப்பட்டவை. நூற்றுக்கு 84.6. ரேடியோவே வேண்டாம், எஞ்சின் சத்தமே போதும் என்று எழுதிக் கொடுத்தவர்களும் இருந்தார்கள், 104 பேர். அவர்களுக்கு விலையில் 331 டாலர் கழிவு கிடைத்தது.

அமெரிக்க விலைவாசிக் குறியீட்டின்படி 1984-இன் ஒரு டாலர் இன்றைக்குச் சுமார் 3 டாலர். அப்படியானால் அந்த 895 இன்றைய 2,700. வேண்டாம் என்றவர்கள் மிச்சம் பிடித்தது இன்றைய 1,000. நாற்பது ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் இந்த 104 பேர் கெட்டிக்காரர்கள் என்றுதான் தோன்றும். ஏனென்றால் இந்தக் காரில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஊமையாகிப் போவது பாட்டுப் பெட்டி. பாதியில் நின்றுவிடுவது பின்னாலிருந்து ஏறி இறங்கும் பவர் ஆண்டெனா. இரண்டையும் சரிசெய்ய என்ன செலவாகும், அந்தச் செலவு எங்கே போகிறது என்பதுதான் இந்தப் பேரேடு.

எந்தக் கார்களுக்கு இது பொருந்தும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கார்வெட்டின் நான்காம் தலைமுறை 1984 முதல் 1996 வரை அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துப் பௌலிங் கிரீன் ஆலையில் தயாரானது. 1983 மாடல் விற்பனைக்கே வரவில்லை. 1984-இன் எண்ணிக்கை அவ்வளவு பெரிதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அடுத்த ஆண்டுகளில் 39,729, 35,109, 30,632, 22,789 என்று இறங்கி, 26,412 என்று சற்று ஏறி, 1989 முடிய மொத்தம் 2,06,218 கார்கள். 1990-இல் டாஷ்போர்டே மாறியது, ஏர்பேக் வந்தது, சி.டி. வந்தது, ரேடியோவின் பொத்தான்கள் ஓரிடத்திலும் பெட்டி வேறிடத்திலும் போயின. அது வேறு கணக்கு. இங்கே 1984 முதல் 1989 வரை மட்டும்.

895-ஐ 21,800-ஆல் வகுத்தால் காரின் விலையில் 4.1 விழுக்காடு. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு 1953-க்குப் போங்கள். முதல் ஆண்டில் 300 கார்வெட்டுகள் மட்டுமே தயாராயின. விலை 3,498 டாலர். ரேடியோ தனி, 145.15 டாலர். ஹீட்டர் தனி, 91.40. பட்டியலில் இரண்டும் “விரும்பினால்” என்ற வரிசையில்தான் இருந்தன. ஆனால் 300 கார்களிலும் இரண்டும் பொருத்தப்பட்டே வந்தன. வேண்டாம் என்று சொல்ல வழியே இல்லாத விருப்பம்! அந்த 145.15 காரின் விலையில் எவ்வளவு என்று பார்த்தால், 4.15 விழுக்காடு. முப்பத்தோரு ஆண்டு இடைவெளியில், வால்வு ரேடியோ போய் நான்கு ஆம்பிளிஃபையர் வைத்த ஸ்டீரியோ வந்த பிறகும், காரில் பாட்டுக்கு ஒதுக்கும் பங்கு கிட்டத்தட்ட அதேதான். அதற்கும் முன்னால் நிலைமை கடுமை. 1932-இல் ஜெர்மனியின் பிளௌபுங்க்ட் கொண்டுவந்த கார் ரேடியோ 465 மார்க். ஒரு காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு, எடை 15 கிலோ.

1953 கார்வெட்டில் இன்னொரு விசேஷம், ஆண்டெனா கண்ணுக்கே தெரியாது. டிக்கி மூடிக்குள் கம்பி வலையாகப் பதித்திருந்தார்கள். கார்வெட்டின் பாடி இரும்பு அல்ல, கண்ணாடி இழை. வானொலி அலை அதற்குள் தடையில்லாமல் நுழையும். இரும்பு பாடியில் இந்த வேலை நடக்காது.

ஆனால் அலை நுழைகிற அதே வழியில் எஞ்சினின் இரைச்சலும் வரும். சாதாரணக் காரில் இரும்பு பானெட்டே ஸ்பார்க் பிளக்குகளின் மின்பொறி இரைச்சலை அடக்கிவிடும். ஃபைபர் பாடியில் அடக்க ஆள் இல்லை. அதனால்தான் 1960-களின் கார்வெட்டுகளில் டிஸ்ட்ரிபியூட்டரையும் பிளக் ஒயர்களையும் உலோகக் கவசம் போட்டு மூடினார்கள். ரேடியோ வேண்டாம் என்று வாங்கிய காரில் அந்தக் கவசமும் கிடையாது. அப்படிப்பட்ட காரில் பின்னாளில் யாராவது ரேடியோ வைத்தால், ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் கூடவே ஏறும் ஒரு கீச்சொலியும் இலவசம்.

நான்காம் தலைமுறையில் எலும்புக்கூடு எஃகு, மேல்தோல் ஃபைபர். ஆண்டெனா நிற்பது இடது பின்மூலையில், அந்த மேல்தோலில். இதிலிருந்துதான் முதல் செலவுக் குறிப்பு வருகிறது. அதன் தொகை பூஜ்யம்.

இரும்பு பாடியில் ஆண்டெனாவை முடுக்கினாலே எர்த் கிடைத்துவிடும். ஃபைபரில் கிடைக்காது. ஆண்டெனாவின் அடிப்பகுதியிலிருந்து எஃகுச் சட்டத்துக்கு ஒரு பட்டை ஒயர் போகும். அந்த ஒயரின் முனை துருப்பிடித்தால், கம்பி முழு உயரம் ஏறி நின்றாலும் ஸ்டேஷன் பிடிக்காது. ஒரு மல்டிமீட்டரை எடுத்து மூன்று அளவு பாருங்கள். கம்பியின் நுனிக்கும் ரேடியோவில் சொருகும் பிளக்கின் நடு ஊசிக்கும் இடையே ஏறத்தாழ 0 ஓம் வர வேண்டும். பிளக்கின் வெளிவளையத்துக்கும் எஃகுச் சட்டத்துக்கும் இடையே 1 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது. மீட்டர் ஏதாவது எண் காட்டினால் உள்ளே ஈரமோ அழுக்கோ சேர்ந்திருக்கிறது. இரண்டாவது அளவு தவறினால் ஒரு துண்டு உப்புத்தாளும் ஒரு போல்ட்டும் போதும். புது ரேடியோ வாங்கி மாட்டிய பிறகும் “ஸ்டேஷன் இழுக்கவில்லை” என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்காவது நோய் இந்த முனையில்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

கம்பியின் நீளத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவில் எஃப்.எம். 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. நடுவில் 98 என்று கொண்டால் அலைநீளம் சுமார் 3.06 மீட்டர், அதில் கால் பங்கு 76.5 சென்டிமீட்டர். 88-க்கு 85, 108-க்கு 69. முழுதாக ஏறிய கார் ஆண்டெனாக்கள் முக்கால் மீட்டரைச் சுற்றியே இருப்பதற்கு இதுதான் காரணம். பாதியில் நின்ற கம்பியிலும் நகரத்து எஃப்.எம். கேட்கத்தான் செய்யும், அதனால் பலருக்கு ஆண்டெனா கெட்டதே தெரியாது. ஏ.எம். போட்டால் தெரிந்துவிடும். 1000 கிலோஹெர்ட்ஸ் ஸ்டேஷனுக்குக் கால் அலைநீளம் 75 மீட்டர். அதைப் பிடிக்க முக்கால் மீட்டர் கம்பி, அதாவது நூறில் ஒரு பங்கு. அதிலும் பாதி குறைந்தால் மிச்சம் இரைச்சல்தான்.

ஏ.எம். விஷயத்தில் கேபிளும் காசைத் தின்னும். கம்பியிலிருந்து டாஷ்போர்டு வரை கேபிள் ஏறத்தாழ காரின் நீளத்துக்கே ஓடுகிறது. கார் ஆண்டெனாவுக்குத் தகுந்த ஆர்ஜி-62 வகைக் கேபிளின் கொள்ளளவு மீட்டருக்கு 44 பிகோஃபாரட். கடையில் கைக்குக் கிடைக்கும் ஆர்ஜி-58 மீட்டருக்குச் சுமார் 95. மூன்றரை மீட்டருக்குக் கணக்கிட்டால் 154-உம் 332-உம். கம்பியின் சொந்தக் கொள்ளளவு பத்து, பதினைந்து பிகோஃபாரட்தான். எனவே தவறான கேபிளை ஒட்டுப் போட்டால் ஏ.எம். ஒலிச்சமிக்ஞை கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். எஃப்.எம். மட்டும் கேட்கிறவர் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

இனி பவர் ஆண்டெனாவின் வயிறு. 12 வோல்ட் மோட்டார், ஒரு திருகுப் பல்சக்கரம், அதில் கடிபட்டு ஓடும் பல்வெட்டிய நைலான் கயிறு. கயிற்றின் மறுமுனை கம்பியின் உச்சித் துண்டோடு இணைந்திருக்கும். மோட்டார் சுற்றினால் கயிறு கம்பியைத் தள்ளி ஏற்றும். எதிர்ப்பக்கம் சுற்றினால் இழுத்து, வட்டப் பெட்டிக்குள் சுருட்டிக்கொள்ளும். நாளைக்கு நான்கு முறை காரை எடுத்து, ஒவ்வொரு முறையும் ரேடியோ போட்டால் ஏற்றமும் இறக்கமுமாக 8 ஓட்டம். ஆண்டுக்கு 2,920. நாற்பது வயது நைலானுக்கு இது தாங்காது. வெயிலில் காய்ந்து விறைத்து ஒரு பல் முறியும். பிறகு மோட்டார் மட்டும் “கறகற” என்று சுற்றும், கம்பி அசையாது.

அந்தக் கறகறச் சத்தம் நல்ல செய்தி. மோட்டார் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அப்போது வாங்க வேண்டியது கயிற்றோடு வரும் கம்பி மட்டும். 25 முதல் 50 டாலர். மோட்டாரே பேசவில்லை, ஃபியூஸும் ரிலேயும் நன்றாக இருக்கின்றன என்றால் முழு யூனிட். 150 முதல் 300 டாலர். எந்தக் காருக்கும் பொருந்தும் என்று 40, 50 டாலருக்கு விற்கும் யூனிட்டுகளும் உண்டு. அவற்றின் தலைப்பகுதி இந்தக் காரின் துளைக்கும் சாய்வுக்கும் ஒத்து வராது. துளையை அகலப்படுத்தினால் ஃபைபர் வேலைக்கும் பெயிண்டுக்கும் ஆகும் செலவில் அசல் யூனிட்டே இரண்டு வாங்கலாம்.

கம்பி மாற்றுவதில் கையின் பக்குவம் இருக்கிறது. மேலே உள்ள வளைய நட்டில் இரண்டு பக்கமும் வெட்டு இருக்கும். அதற்கான ஸ்பேனர் இல்லாமல் மூக்குக் குறட்டால் திருகினால் பெயிண்டில் கீறல் விழும், அதனால் முதலில் சுற்றிலும் டேப் ஒட்டிவிட வேண்டும். நட்டைக் கழற்றியபின் ஒருவர் உள்ளே உட்கார்ந்து ரேடியோவைப் போட, மற்றவர் வெளியே கம்பியைப் பிடித்து நேர்மேலே இழுக்க வேண்டும். மோட்டார் பழைய கயிற்றைத் தானே வெளியே துப்பும். வந்த கயிற்றையும் புதுக் கயிற்றையும் பக்கத்தில் வைத்து நீளத்தை ஒப்பிடுவது மிக முக்கியம். பழையது குட்டையாக இருந்தால் முறிந்த துண்டு உள்ளேதான் கிடக்கிறது. அதை எடுக்காமல் புதியதை விட்டால் முதல் ஓட்டத்திலேயே சிக்கி அதுவும் முறியும். நீளம் சரியென்றால் பல் பல்சக்கரத்தைப் பார்த்திருக்கும்படி திருப்பிக் கயிற்றை உள்ளே விட்டு, கடிபடும் வரை மெல்ல அழுத்திக்கொண்டு, ரேடியோவை நிறுத்தச் சொல்ல வேண்டும். மோட்டார் கயிற்றை விழுங்கும். கம்பி தானே இறங்கி வரும்போது கையை எடுத்துவிட்டு, நட்டை முடுக்க வேண்டும். பிறகு கம்பியில் கிரீஸ் தடவாதீர்கள். கிரீஸ் தூசியைப் பிடிக்கும், தூசி பல்லைத் தின்னும். ஒரு துணியில் கொஞ்சம் சிலிக்கோன் எண்ணெய் நனைத்துத் துடைத்தால் போதும். யூனிட்டின் அடியில் மழைநீர் வடியும் சிறு குழாய் அடைத்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். மோட்டாரைக் கொல்வது பெரும்பாலும் உள்ளே தேங்கிய தண்ணீர்.

இனி ரேடியோ. இதில் பெட்டியின் விலை குறைவு, அதைச் சுற்றியுள்ள சில்லறைகள் அதிகம்.

இன்று உலகம் முழுக்க விற்கும் ஒற்றை டின் (DIN) அளவுச் செட்டுக்கு டாஷ்போர்டில் வேண்டிய துளை 182 மில்லிமீட்டர் அகலம், 53 மில்லிமீட்டர் உயரம். டெல்கோ ரேடியோ அந்த அளவுக்குக் கட்டுப்பட்டதல்ல; அதன் உயரம் அதில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மிச்சத்தை மறைக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம், சுமார் 20 டாலர். காரின் ஒயர்களை வெட்டாமல் இணைக்கும் கப்ளர் செட், இன்னொரு 20. வெட்டி முறுக்கி டேப் சுற்றினால் 20 டாலர் மிச்சம்தான். ஆனால் அடுத்து வாங்குகிறவர் டாஷ்போர்டைத் திறந்ததுமே விலையில் 200 குறைப்பார்.

சந்தையில் வரும் செட்டுகளின் ஒயர் நிறங்கள் ஏறத்தாழ ஒரே ஒழுங்கு. மஞ்சள் எப்போதும் உயிரோடிருக்கும் 12 வோல்ட். கடிகாரமும் ஸ்டேஷன் நினைவும் அதில்தான். சிவப்பு சாவி போட்டால் வருவது. கறுப்பு எர்த். வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா நான்கும் ஸ்பீக்கர்கள்.

நீலத்தில் மட்டும் இரண்டு உண்டு, குழப்பமும் அங்கேதான். முழு நீலம் ஆண்டெனாவுக்கு. நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது ஆம்பிளிஃபையருக்கு. பல செட்டுகளில் முழு நீலம் ரேடியோ கேட்கும்போது மட்டும் உயிர்பெறும். கோடு போட்டது செட் ஓடும்போதெல்லாம் உயிரோடிருக்கும். ஆண்டெனாவைக் கோடு போட்டதில் கட்டினால், போனிலிருந்து பாட்டுக் கேட்டாலும் கம்பி ஏறி நிற்கும். மேலே சொன்ன 2,920 ஓட்டமும் வீண் தேய்மானம். இன்னொரு விஷயம்: நீல ஒயர் தருவது சமிக்ஞை மட்டும், அதன் தாங்குதிறன் அரை ஆம்பியருக்கு உள்ளேதான். ஆண்டெனா மோட்டார் ஓடும்போது கேட்பது பல ஆம்பியர். நீலத்தை ரிலேவுக்குக் கொடுக்காமல் நேராக மோட்டாருக்குக் கொடுத்தால் புது செட்டின் உள்ளே ஒரு டிரான்சிஸ்டர் புகைந்து போகும். 150 டாலர் பெட்டிக்கு முதல் நாளே முடிவு.

இதுவரை வந்தது எந்தப் பழைய காருக்கும் பொருந்தும். இந்தக் காரின் தனிச் சிக்கல் போஸ்.

ஜெனரல் மோட்டார்ஸின் டெல்கோ பிரிவும் போஸ் நிறுவனமும் சேர்ந்து 1979-இல் தொடங்கிய வேலை, 1983 மாடல் காடிலாக் செவில் போன்ற கார்களில் முதலில் வந்தது. அடுத்த ஆண்டு கார்வெட்டுக்கு. அந்தந்தக் காரின் உள்ளறைக்கு ஏற்ப ஒலியை அளந்து அமைத்தார்கள் என்பதுதான் அன்றைய புதுமை. டாஷ்போர்டில் உள்ள பெட்டி பாட்டைப் பெருக்காது. மெல்லிய சமிக்ஞையை மட்டும் அனுப்பும். நான்கு ஸ்பீக்கர் கூடுகளிலும் தனித்தனி ஆம்ப், ஒவ்வொன்றும் 25 வாட். 1984-இல் மட்டும் 43,607 கார், காருக்கு நான்கு என்றால் 1,74,428 ஆம்ப். ஒவ்வொன்றின் உள்ளும் உப்பும் ஈரமுமாக வேலை செய்யும் மின்தேக்கிகள். அவற்றுக்கு நாற்பது வருஷ ஆயுள் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கசிந்து, பலகையின் செப்புக் கோடுகளை அரித்து, முதலில் படபடப்பு, பிறகு உறுமல், கடைசியில் மௌனம்.

புது செட்டை அப்படியே இதில் மாட்ட முடியாது. புது செட் 4 ஓம் ஸ்பீக்கரை நேரடியாக ஓட்டுவதற்காகச் செய்தது. இங்கே ஒயரின் மறுமுனையில் காத்திருப்பது ஆம்ப். நடுவில் அளவு குறைக்கும் ஓர் இணைப்பான் வேண்டும், சுமார் 75 டாலர். ஆம்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் போஸ் ஸ்பீக்கரை மட்டும் நேரடியாகக் கட்டலாமா என்றால், அதுவும் ஆகாது. அந்த ஸ்பீக்கரின் தடை சுமார் 1 ஓம்தான். நான்கு ஓமுக்குச் செய்த செட் அதில் சூடேறிச் சாகும். ஸ்பீக்கர் மைனஸ் ஒயர்களை ஒன்றாக முறுக்கிப் பொது எர்த் கொடுப்பதும் கூடாது.

சரி, கூட்டிப் பார்ப்போம். கீழே உள்ள விலைகள் அமெரிக்கச் சந்தை நடப்பை ஒட்டி நான் வைத்துக்கொண்ட சுற்று எண்கள். கடைக்குக் கடை ஏறும், இறங்கும். கூலி மணிக்கு 125 டாலர். ஆண்டெனாவில் கம்பி மட்டும் மாற்றினால் போதும், நான்கு ஆம்பும் போய்விட்டன என்று வைத்துக்கொள்கிறேன்.

வழி 1, பழையதையே உயிர்ப்பிப்பது:
கம்பி – 40
டெல்கோ ரேடியோ பழுதுநீக்கம் – 225
ஆம்ப் 4 × 125 – 500
கூலி 5.5 மணி – 687.50
ஆகமொத்தம் – 1,452.50

வழி 2, புது செட், பழைய ஆம்ப்:
கம்பி – 40
செட் – 150
சட்டம், கப்ளர் – 40
இணைப்பான் – 75
ஆம்ப் – 500
கூலி 6 மணி – 750
ஆகமொத்தம் – 1,555

வழி 3, எல்லாம் புதிது:
கம்பி – 40
செட் – 150
சட்டம், கப்ளர் – 40
4 ஓம் ஸ்பீக்கர் 4 × 60 – 240
புது ஒயர் – 40
கூலி 7 மணி – 875
ஆகமொத்தம் – 1,385

கம்பிக்கு 1 மணி, பழைய ரேடியோவைக் கழற்றி மாட்ட ஒன்றரை, புதியதைப் பொருத்த 2, நான்கு ஆம்புக்கு 3, ஸ்பீக்கருக்கும் ஒயருக்கும் 4 மணி என்பது கூலிக் கணக்கு.

இந்தப் பட்டியலில் யாரும் எதிர்பார்க்காத வரி இரண்டாவது வழி. பெரும்பாலானோர் முதலில் நினைப்பது இதைத்தான்: “பழைய டேப் ரேடியோவைத் தூக்கிப் போட்டுவிட்டு 150 டாலருக்குப் புதிது மாட்டினால் தீர்ந்தது.” கணக்கோ, எத்தனை ஆம்ப் கெட்டிருந்தாலும் பழுதுநீக்கத்தைவிட இது 102.50 டாலர் அதிகம் என்கிறது. ஆம்ப் செலவு இரண்டு வழியிலும் ஒன்றேதான். வித்தியாசம் சட்டத்திலும் கப்ளரிலும் இணைப்பானிலும் கூடுதல் அரைமணிக் கூலியிலும் ஒளிந்திருக்கிறது.

“பழைய ரேடியோவில் போன் பாட்டுக் கேட்க முடியாதே” என்று கேட்பீர்கள். நியாயம்தான். பழுது பார்க்கும் கடைகளே டெல்கோ பெட்டிக்குள் ப்ளூடூத் பலகை வைத்துக் கொடுக்கின்றன. அதற்குக் கூடுதலாக 100 டாலர் என்று போட்டால் மேற்படி 102.50-இல் மிஞ்சுவது 2.50. இரண்டரை டாலருக்காக யாரும் டாஷ்போர்டின் முகத்தை மாற்ற மாட்டார்கள், மாற்றவும் கூடாது. ஒரு குறை மட்டும் தீராது. 1990-களில் அமெரிக்காவில் ஏ.எம். அலைவரிசையை 1700 கிலோஹெர்ட்ஸ் வரை நீட்டினார்கள். அதற்கு முன் பிறந்த இந்த ரேடியோ 1600-ஐ ஒட்டி நின்றுவிடும்.

மூன்றாவது வழி வெல்வது எப்போது? நான்கு ஆம்பும் போனால் 67.50 டாலர் மிச்சம். மூன்று மட்டுமே போயிருந்தால் முதல் வழியின் மொத்தம் 1,233.75-ஆக இறங்கிவிடும், மூன்றாவது வழி தோற்றது. ஆம்ப் ஒன்றுக்குப் பழுதுச் செலவு 125, கூலி 93.75, ஆக 218.75. ஒன்று மட்டும் போயிருந்தால் முதல் வழி 796.25-இல் முடிந்துவிடும். ஆனால் நான்கும் ஒரே வயது, ஒரே சரக்கு. ஒன்று போனால் மற்றவை வரிசையில் நிற்கின்றன என்றே பொருள். கதவைத் திறந்த கையோடு நான்கையும் அனுப்பிவிடுவது என் கட்சி.

சொந்தக் கையால் செய்கிறவருக்குப் படம் வேறு. கூலியை நீக்கினால் முதல் வழி 765, இரண்டாவது 805, மூன்றாவது 510. கடையில் கொடுத்தால் மூன்றாவது வழியில் 63 விழுக்காடு கூலிக்கே போகிறது. முதல் வழியில் 47. கம்பியோ முதல் வழியின் மொத்தத்தில் 2.75 விழுக்காடுதான். அசல் தன்மையைப் பற்றிக் கவலைப்படாமல், சனி ஞாயிறுகளில் காரோடு கிடக்கிறவர் மூன்றாவதை எடுக்கலாம். அவரும் பழைய பெட்டியையும் ஆம்ப்களையும் எறிந்துவிடாமல் ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு வைத்தால், விற்கும்போது காசு.

ஒப்பீட்டுக்கு ஒன்று சொல்லலாம். மிக அதிகமான 1,555 டாலரும்கூட, முதல் உரிமையாளர் இதே பாட்டுக்குக் கொடுத்த இன்றைய மதிப்பிலான 2,700-இல் 58 விழுக்காடுதான்.

பேரேட்டில் வராத ஒரு செலவு பேட்டரி. நின்றிருக்கும் காரில் மொத்தக் கசிவு 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் குற்றமில்லை. நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி; 60 ஆம்பியர் மணி பேட்டரி பாதியாவதற்கு 25 நாள். ஆண்டெனா முழுதாக இறங்கியதை உணராமல் மோட்டார் 3 ஆம்பியரில் சுற்றிக்கொண்டே இருந்தால் அதே பாதி பத்து மணி நேரத்தில் காலி. இரவில் ஷெட்டில் விட்ட கார் காலையில் கிளம்பாததற்கு ஸ்டார்ட்டரைக் குறை சொல்வதற்கு முன், சாவியை எடுத்தபின் ஒரு நிமிடம் இடது பின்மூலையில் காதை வைத்துக் கேளுங்கள்.

இப்படியொரு கார் வாங்கப் போகிறவர்களுக்கு: விலை பேசும் முன் ரேடியோவைப் போடுங்கள். கம்பி முழுதும் ஏறி முழுதும் இறங்குகிறதா என்று பாருங்கள். பேலன்ஸையும் ஃபேடரையும் நான்கு மூலைக்கும் திருப்பி ஒவ்வொரு ஸ்பீக்கராகக் கேளுங்கள். மோட்டார் சுற்றியும் ஏறாத கம்பிக்கு 165 டாலர், மோட்டாரே சுற்றாவிட்டால் யூனிட்டும் இரண்டு மணிக் கூலியுமாக 450, பேசாத ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும் 220, ரேடியோவே ஊமை என்றால் 410. அத்தனையையும் கூட்டிக் கழித்துவிட்டு உங்கள் விலையைச் சொல்லுங்கள்.